தலையில் தடவப்படும் பொய்கள்



இரண்டு மாதங்களுக்கு முன் கோட்டக்குப்பத்தில் என் அக்காள் வீட்டுக்குச் சென்றிருந்தேன். அக்காள் மகனுக்கு வயது இருபத்தாறு. நல்ல படிப்பு, நல்ல வேலை, தொழுகையில் பேணுதல் உள்ள பிள்ளை. நெற்றியின் இருபுறமும் முடி ஏறிவிட்டது. உச்சி தெரியத் தொடங்கிவிட்டது. இரண்டு இடங்களில் பெண் வீட்டார் புகைப்படத்தைப் பார்த்த அளவிலேயே பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். அவனுடைய அறையின் மாடத்தில் ஆறு குப்பிகள் இருந்தன. வெங்காயத் தைலம் ஒன்று. 'நபி மருத்துவம்' என்று அச்சிட்ட கருஞ்சீரக எண்ணெய் ஒன்று. ஆரோவில்லுக்குச் செல்லும் வழியில் குயிலாப்பாளையத்துக் கடையொன்றில் வாங்கிய ரோஸ்மேரி எண்ணெய் ஒன்று. அழகுசாதன சீரம் ஒன்று. மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கொடுத்த மினாக்ஸிடில், ஃபினாஸ்டிரைடு கலந்த லோஷன் ஒன்று. ஆறாவது, வெளிநாட்டிலிருந்து கூரியரில் வந்த, பெயருக்குப் பதிலாக எண் மட்டும் எழுதிய ஒரு தூளைக் கரைத்து வைத்த குப்பி.

இவற்றைவிட என்னைத் திடுக்கிடச் செய்தது வேறொன்று. மசக்கைக்காகத் தாய்வீடு வந்திருந்த அவன் அக்காள், மூன்று மாதக் கர்ப்பிணி, தம்பியின் தலையில் அந்த லோஷனைத் தன் வெறுங்கையால் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய இரண்டு வயதுக் குழந்தை மாமன் தலையணையில் படுத்திருந்தது.

"எதற்கடா இத்தனை?" என்று கேட்டேன்.

"ஆறில் ஒன்றாவது வேலை செய்யாதா மாமா?" என்றான்.

இந்த ஒரு கேள்விதான் இன்று நம் நாட்டில் முடி வணிகம் செய்வோர் அனைவருக்கும் மூலதனம். எது வேலை செய்கிறது என்று நாம் ஒப்பிட்டுப் பார்க்காதவரை, எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டே இருப்போம். ஆகவே இக்கட்டுரையில் ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறேன். சிலருக்கு இது கசக்கும். நம் மஹல்லாக்களிலேயே இவ்வணிகம் செய்யும் சகோதரர்களுக்கு மிகவும் கசக்கும்.

நிறுத்துப் பார்க்க ஒரு தராசு

எந்தத் தைலத்தைக் குறித்தும் மூன்று கேள்விகள் கேட்கப்பட வேண்டும். முதலாவது: மருந்தில்லாத போலித் தைலத்தைத் தடவிக்கொண்டோரோடு ஒப்பிட்டுச் சோதித்தார்களா? இரண்டாவது: எந்த வகை முடி உதிர்வில் சோதித்தார்கள்? மூன்றாவது: எத்தனை மாதம் சோதித்தார்கள்?

முதல் கேள்வி ஏன் முக்கியம்? மகப்பேற்றுக்குப் பின் இரண்டு, மூன்று மாதங்களில் தாய்மாருக்கு முடி கொத்தாக உதிரும். டெங்கு, டைஃபாய்டு போன்ற கடுங்காய்ச்சலுக்குப் பின்னும் அப்படியே. பெரும்பாலானோருக்கு எதுவும் தடவாமலே சில மாதங்களில் அது திரும்ப வளர்ந்துவிடும். அந்த இடைவெளியில் யார் எந்த எண்ணெயைத் தேய்த்திருந்தாலும், தானாக முளைத்த முடிக்கு அந்த எண்ணெய் பெயர் வாங்கிக்கொள்ளும். "என் மச்சிக்கு வளர்ந்தது, என் சாச்சிக்கு வளர்ந்தது" என்னும் சாட்சியங்கள் பொய்யல்ல. ஆனால் அவை மருந்தைப் பற்றிய சாட்சியங்களும் அல்ல.

இரண்டாம் கேள்வி அதைவிட முக்கியம். முடி உதிர்வு என்பது ஒரே நோயன்று. பரம்பரை வழுக்கை வேறு; வட்ட வட்டமாக உதிரும் புழுவெட்டு வேறு; இரும்புச்சத்துக் குறைவாலோ தைராய்டுக் கோளாறாலோ உதிர்வது வேறு; இறுக்கிக் கட்டிய கொண்டையால் நெற்றியோரத்தில் உதிர்வது வேறு. 2024 டிசம்பர் இறுதியில் மகாராஷ்டிரத்தின் புல்தானா மாவட்டத்தில், ஷேகாவ் பகுதிக் கிராமங்களில் சில நாட்களுக்குள் நூற்றுக்கணக்கானோரின் தலை மொட்டையானது. ரேஷன் கோதுமையில் இருந்த மிகுதியான செலினியமே காரணம் என்று மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் தம் ஆய்வின் முடிவைக் கூறினார். அம்மக்களுக்கு எந்தத் தைலம் என்ன செய்திருக்கும்? காரணம் தட்டில் இருந்தது; தலையில் அல்ல.

தேறிய ஒன்று

பரம்பரை வழுக்கைக்குத் தலையில் தடவும் மருந்துகளில், நீண்ட சோதனைகளில் தேறி உலகெங்கும் ஒப்புதல் பெற்று நிற்பது மினாக்ஸிடில். இது முதலில் இரத்த அழுத்தத்துக்கான மாத்திரையாக வந்தது. அதை உட்கொண்டோருக்கு உடலெங்கும் முடி வளர்ந்ததைக் கண்ட பிறகே தடவும் மருந்தாக்கினார்கள். 1988இல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. 2 சதவீதக் கரைசலுக்கு ஒப்புதல் அளித்தது. 2002இல் வெளியான, 393 ஆண்கள் பங்கேற்ற 48 வார ஆய்வில், 5 சதவீதக் கரைசல் 2 சதவீதத்தைவிட 45 சதவீதம் கூடுதலாக முடியை வளர்த்தது.

அதன் குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தொடங்கிய முதல் சில வாரங்களில் முடி கூடுதலாக உதிரலாம். பலர் அஞ்சி அப்போதே விட்டுவிடுகிறார்கள். நான்கு முதல் ஆறு மாதங்கள் கழித்தே பயன் தெரியும். நிறுத்தினால் வளர்ந்தது போய்விடும். இம்மருந்தைச் செயலுள்ளதாக மாற்றும் நொதி எல்லோருடைய முடிவேரிலும் ஒரே அளவில் இல்லாததால், சிலருக்குப் பயனே இராது. முப்பது நாளில் அடர்ந்த முடி என்று இதன் உற்பத்தியாளர்கள்கூடச் சொல்வதில்லை. தேறிய மருந்தே சொல்லத் துணியாததைத் தேறாத தைலம் சொல்கிறது என்றால், அங்கேயே நமக்கு விழிப்பு வந்திருக்க வேண்டும்.

வீட்டாரையும் தொடும் மருந்து

ஃபினாஸ்டிரைடு என்பது, வழுக்கைக்குக் காரணமான டி.ஹெச்.டி. என்னும் ஹார்மோன் உருவாவதைத் தடுப்பது. மாத்திரையாக 1997இல் வழுக்கைக்கு ஒப்புதல் பெற்றது. தடவும் வடிவத்தில் 0.25 சதவீதத் தெளிப்பான் ஒன்று 24 வாரங்கள் சோதிக்கப்பட்டது. ஒரு சதுர சென்டிமீட்டரில் சராசரியாக 20.2 முடிகள் கூடின. போலித் தெளிப்பானைப் பயன்படுத்தியோருக்கு 6.7 முடிகள் கூடின. பயன் உண்மைதான். போலி மருந்துக்கே ஏறக்குறைய ஏழு முடிகள் கூடின என்பதையும் சேர்த்துக் கவனியுங்கள். நம் ஊர்த் தைல விற்பனையாளரின் 'முன்–பின்' புகைப்படங்களுக்கு இந்த ஏழு முடிகளே போதும்.

"தலையில்தானே தடவுகிறோம், உடலுக்குள் போகாது" என்கிறார்கள். இது தவறு. அதே ஆய்வில், தெளிப்பானைப் பயன்படுத்தியோரின் இரத்தத்தில் டி.ஹெச்.டி. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மாத்திரையால் ஏற்பட்ட குறைவு இதைவிட அதிகம் என்றாலும், உள்ளே செல்கிறது என்பதில் ஐயமில்லை. 2025 ஏப்ரலில் எஃப்.டி.ஏ., ஒப்புதல் பெறாமல் கலந்து விற்கப்படும் தடவும் ஃபினாஸ்டிரைடு குறித்து எச்சரிக்கை வெளியிட்டது. பாலுணர்வுக் குறைவு, மனச்சோர்வு, மூளை மந்தம் போன்ற புகார்கள் தனக்கு வந்துள்ளன என்றும், பிறர்மீது பட்டுவிடும் ஆபத்து உண்டு என்றும் அதில் கூறியது.

கருவில் உள்ள ஆண் குழந்தையின் பிறப்புறுப்பு வளர்ச்சிக்கு டி.ஹெச்.டி. இன்றியமையாதது. ஆகவேதான் கர்ப்பிணிகள் உடைந்த ஃபினாஸ்டிரைடு மாத்திரையைத் தொடவே கூடாது என்று மருந்து உறையிலேயே எழுதியிருக்கிறார்கள். மாத்திரைக்குப் பூச்சாவது உண்டு. லோஷனுக்கு என்ன உண்டு? மினாக்ஸிடிலும் குழந்தைகளுக்குப் பகைதான். ஸ்பெயினின் நவார்ரா மாநில மருந்துக் கண்காணிப்பு மையம், தந்தையோ வேறு பராமரிப்பாளரோ தடவிய மினாக்ஸிடில் ஒட்டிக்கொண்டதால் பச்சிளம் குழந்தைகளின் உடலெங்கும் முடி வளர்ந்த நிகழ்வுகளை ஆராய்ந்தது. ஐரோப்பாவில் அத்தகைய 11 நிகழ்வுகள் பதிவாகியிருந்தன. அதன்பின் அங்கே மருந்துத் தாளில் எச்சரிக்கை சேர்க்கப்பட்டது.

நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். ஒரே துண்டு, ஒரே தலையணை, மார்பில் உறங்கும் குழந்தை, தம்பிக்கு எண்ணெய் தேய்க்கும் அக்காள். இந்த லோஷனைச் சீட்டும் கேட்காமல், "வீட்டில் கர்ப்பிணி உண்டா?" என்ற ஒரு கேள்வியும் கேட்காமல் எடுத்துக் கொடுத்தவர் செய்ததை வணிகம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தைலங்களின் கதை

வெங்காயத் தைலத்துக்கு 'ஆய்வு ஆதாரம்' காட்டுகிறார்கள். அந்த ஆய்வு 2002இல் பாக்தாதில் நடந்தது. வெங்காயச் சாற்றைத் தடவியவர்கள் 23 பேர். குழாய்த் தண்ணீரைத் தடவியவர்கள் 15 பேர். சாறு தடவிய 23 பேரில் 20 பேருக்கு ஆறு வாரத்தில் முடி முளைத்தது. நல்ல செய்தியே. ஆனால் அவர்கள் அனைவரும் புழுவெட்டு நோயாளிகள்! பரம்பரை வழுக்கை உள்ளவர் ஒருவர்கூட அதில் இல்லை. புழுவெட்டு பலருக்குத் தானாகவே ஆறக்கூடியது. மேலும் அவர்கள் தடவியது பச்சைச் சாறு. குப்பியில் விற்கும் மணமூட்டிய எண்ணெய் அன்று. நோயும் வேறு, மருந்தும் வேறு. ஆய்வு மட்டும் சொந்தமாம்!

ரோஸ்மேரிக்கு ஈரானில் நடந்து 2015இல் வெளியான ஆய்வைக் காட்டுகிறார்கள். நூறு பேர், பாதிப்பேருக்கு ரோஸ்மேரி, பாதிப்பேருக்கு 2 சதவீத மினாக்ஸிடில். ஆறு மாத முடிவில் இரண்டும் சமம் என்றார்கள். இங்கே போலித் தைலக் குழுவே இல்லை. இரு குழுவினருக்கும் கூடிய முடியோ மிகச் சிறிது: ரோஸ்மேரிக் குழுவில் சராசரி 122.8லிருந்து 129.6. போலித் தெளிப்பானுக்கே 6.7 முடி கூடியதாக மேலே கண்டோம் அல்லவா? அது வேறு அளவை, வேறு ஆய்வு. நேரே கழித்துப் பார்க்க இயலாது. ஆயினும் போலிக் குழு இல்லாத ஆய்வில் ஆறேழு முடியை வைத்துக்கொண்டு வெற்றி முழங்கக் கூடாது என்பதற்கு இது போதும். தவிர, ஒப்பிட்டதும் வலுக்குறைந்த 2 சதவீதத்தோடு.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. இந்திய மருந்துகள் விதிகள், 1945இன் 106ஆம் விதி, 'ஜே' அட்டவணையில் உள்ள நோய்களைத் தடுப்பதாகவோ குணப்படுத்துவதாகவோ எந்த மருந்தும் உரிமை கோரக் கூடாது என்கிறது. அந்த அட்டவணையில் வழுக்கையும் உண்டு. விற்பனையாளர்கள் இதை அறிந்தே 'மருந்து' என்ற சொல்லைத் தவிர்த்து, 'அழகுசாதனம்', 'பாரம்பரியத் தைலம்' என்று பெயரிட்டுக்கொள்கிறார்கள். வாக்குறுதியை மட்டும் வாய்மொழியாகத் தருகிறார்கள்.

விளைவுகள் நம் கண்முன்னே நடந்தவை. 2024 டிசம்பரில் மீரட்டில் 20 ரூபாய் நுழைவுக் கட்டணமும், 300 ரூபாய் எண்ணெயுமாக வழுக்கைக்கு மருந்து என்று கூட்டம் கூட்டிய மூவர் கைது செய்யப்பட்டார்கள். 2025 மார்ச்சில் பஞ்சாபின் சங்ரூரில் நடந்த இலவச முகாமில் எண்ணெய் தடவிக்கொண்டோரில் அறுபதுக்கும் மேற்பட்டோர் கண் எரிச்சலோடும் வீக்கத்தோடும் மருத்துவமனைக்கு ஓடினார்கள். 'இயற்கையானது, தீங்கு செய்யாது' என்போர் அந்தக் கண்களுக்குப் பதில் சொல்லட்டும்.

முடியாத சோதனைகள்

இனி, கூரியரில் வரும் புதுமைகள். பைரிலுடமைடு என்னும் மருந்தைச் சீன நிறுவனம் ஒன்று மூன்றாம் கட்டம் வரை சோதித்தது. போலி மருந்தைவிடக் கணக்கியல்படி மேலானது என்று நிறுவ முடியவில்லை என 2023 நவம்பரில் அந்நிறுவனமே அறிவித்தது. அடுத்த ஆண்டு அதே பொருள் அழகுசாதனமாகக் கடைக்கு வந்தது! தேர்வில் தோற்ற மாணவன் பெயரை மாற்றிக்கொண்டு பட்டம் வாங்கியது போன்றதே இது. ஆர்.யு.58841 என்னும் பொருள் இன்னும் மோசம். குரங்குகளில் சோதிக்கப்பட்டது, எந்த நாட்டிலும் மருந்தாக ஒப்புதல் பெறவில்லை, 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்ற முத்திரையோடு தூளாக விற்கிறார்கள். என் அக்காள் மகனின் ஆறாவது குப்பி இதுதான்.

நம்பிக்கை தருவனவும் உண்டு. பி.பி.405 என்னும் தடவும் மருந்தை 78 பேரிடம் சோதித்த அமெரிக்க நிறுவனம், முடியிழப்பு மிகுந்த ஆண்களில் 31 சதவீதத்தினருக்கு எட்டாவது வாரத்தில் முடியடர்த்தி 20 சதவீதத்துக்கு மேல் கூடியதாக 2025 ஜூனில் அறிவித்தது. 78 பேர் என்பது ஒரு தெருவின் எண்ணிக்கை. பெரிய சோதனைகள் இனிமேல்தான். முகப்பருவுக்காக 2020இல் ஒப்புதல் பெற்ற கிளாஸ்கோடெரோன், 5 சதவீத வடிவில் வழுக்கைக்குச் சோதிக்கப்பட்டுள்ளது. 1,465 ஆண்கள் பங்கேற்ற இரு பெரிய ஆய்வுகளின் முடிவை அந்நிறுவனம் 2025 டிசம்பரில் அறிவித்தபோது, ஒன்றில் 539 சதவீத முன்னேற்றம், மற்றொன்றில் 168 சதவீதம் என்றது.

இந்தச் சதவீதங்களைக் கண்டு மயங்கக் கூடாது. போலி மருந்து ஒரு முடியையும் உண்மை மருந்து ஆறு முடிகளையும் வளர்த்தால், முன்னேற்றம் 500 சதவீதம். போலி மருந்து பத்தையும் உண்மை மருந்து பதினைந்தையும் வளர்த்தால் 50 சதவீதம். இரண்டிலும் தலையில் கூடியது ஐந்தே முடிகள். எத்தனை முடி என்று கேட்காமல் எத்தனை சதவீதம் என்று மட்டும் கேட்பவனை எளிதில் ஏமாற்றலாம்.

"மருந்து நிறுவனங்களும் பணத்துக்காகத்தானே செய்கின்றன?" என்று ஒரு சகோதரர் என்னிடம் வாதிட்டார். ஆம், பணத்துக்காகத்தான். ஆனால் அந்த முறைக்குள் இருந்ததால்தான் சீன நிறுவனம் தன் தோல்வியைத் தானே ஊரறியச் சொல்ல நேர்ந்தது. நம் தைல விற்பனையாளர்களில் தோல்வியைச் சொன்னவர் ஒருவர் உண்டா? முறையான சோதனையில் பங்கேற்பவரிடம் எழுத்தில் ஒப்புதல் பெறுகிறார்கள். தீங்கு நேர்ந்தால் பதிவு செய்கிறார்கள். நம் பிள்ளைகளோ தாமே காசு கொடுத்துச் சோதனை விலங்குகளாகிறார்கள். அவர்களுக்கு நேரும் தீங்கை எழுதிவைக்க எவரும் இல்லை.

மார்க்கத்தின் பெயரால்

கருஞ்சீரகத்தின் சிறப்பை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியிருப்பதை நாம் அனைவரும் ஏற்கிறோம். ஆனால் 'முப்பது நாளில் வழுக்கை மறையும்' என்பது எந்த நபிமொழியிலும் இல்லை. அது குப்பியில் ஒட்டிய தாளில் மட்டுமே இருக்கிறது. தன் வாக்குறுதியை நபியின் பெயரோடு ஒட்டி விற்பவர், முடி வளராதபோது வாங்கியவரின் உள்ளத்தில் எதன்மீது ஐயத்தை விதைக்கிறார் என்று எண்ணிப் பார்த்தாரா? மேலே உலர்ந்த தானியத்தையும் அடியில் ஈரத்தையும் வைத்து விற்றவரைக் கடிந்துகொண்ட நபியின் உம்மத் நாம். குப்பியின் மேல் நபியின் பெயரையும் உள்ளே வெறும் எண்ணெயையும் வைத்து விற்பது அதைவிடச் சிறிய குற்றமா? ஜும்ஆ முடிந்து வெளியே வரும் வாசலிலேயே இக்கடைகளை அனுமதிக்கும் ஜமாஅத் நிர்வாகிகளும் சிந்திக்க வேண்டும்.

பலர் கேட்கும் மற்றொரு ஐயம்: மினாக்ஸிடில் கரைசலில் ஆல்கஹால் உள்ளதே, ஒளுவுக்குத் தடையாகுமா? வெளிப்பூச்சு ஆல்கஹால் குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் மத்ஹபின் ஆலிமிடம் கேளுங்கள். நேரத்தைப் பொறுத்தவரை சிரமமே இல்லை. தடவியபின் நான்கு மணி நேரம் தலையைக் கழுவாதிருக்க வேண்டும். ஃபஜ்ருக்குப் பின் ஒரு முறை, இஷாவுக்குப் பின் ஒரு முறை தடவினால் இரண்டுக்கும் போதிய இடைவெளி கிடைக்கும். தடவியதும் கையைக் கழுவுங்கள். உலர்ந்த பின்னரே படுங்கள். தலையணை உறையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

செய்ய வேண்டியது

முதலில் தோல் மருத்துவரிடம் செல்லுங்கள். ஜிப்மரில் தோல் மருத்துவத் துறை உண்டு. கோட்டக்குப்பத்திலிருந்தோ குயிலாப்பாளையத்திலிருந்தோ அது தொலைவில் இல்லை. எந்த வகை உதிர்வு என்று அறியாமல் எதையும் தடவாதீர்கள். பெண்களுக்கு இரத்தச்சோகையும் தைராய்டும் சோதிக்கப்பட வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டுவோரும் மருத்துவரைக் கேளாமல் எதையும் தொடக் கூடாது.

என் அக்காள் மகன் மருத்துவரைக் கண்டான். ஐந்து குப்பிகள் குப்பைக்குச் சென்றன. ஆறாவதான கலவை லோஷனுக்குப் பதிலாகத் தனி மினாக்ஸிடில் வந்தது. பயன் தெரிய இன்னும் மாதங்கள் ஆகும், பொறுத்திருக்கிறான். அவன் அக்காளைப் பேறுகால மருத்துவரிடம் அழைத்துச் சென்று நடந்ததைச் சொன்னோம். ஐந்தாம் மாத ஸ்கேனில் குறையேதும் தெரியவில்லை, அல்ஹம்துலில்லாஹ். குழந்தையைக் கையில் வாங்கும்வரை அக்காளுக்கு உறக்கம் வராது என்பதையும் அறிவேன்.

கடைசியாக, பெண்ணைப் பெற்ற அத்தாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும் ஒரு சொல். இந்தச் சந்தையைத் திறந்து வைத்திருப்பவர்கள் விற்பவர்கள் மட்டுமல்லர். மாப்பிள்ளையின் தொழுகையையும் குணத்தையும் கேட்பதற்கு முன் தலையை உற்றுப் பார்க்கும் நாமும்தான். ஹஜ்ஜிலே தலையை மழித்துக்கொண்டு அதைப் பாக்கியமாகக் கருதும் சமுதாயம், நிக்காஹ் பேச்சிலே முடியில்லாத தலையைக் குறையாகக் கருதுவது எந்த நியாயம்? ஒரு பிள்ளையை முடிக்காக மறுக்கும்போது, அவன் கையில் ஏழாவது குப்பியைக் கொடுத்து அனுப்புகிறோம்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் உண்மையை விளங்கும் அறிவையும், விளங்கியதைச் சொல்லும் துணிவையும் தந்தருள்வானாக. ஆமீன்.